ஒரு கடைவாய்ப் பல்லின் விலை

2024ஆம் ஆண்டு ஆவணியில், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்களில், பெரியம்மாவின் மூத்த மகன் இலண்டனிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள். பகலில் ஒரு பெற்றோல் நிலையத்திற் காசு வாங்கும் வேலை. வாரத்தில் மூன்று இரவுகள் ஒரு பேரங்காடியின் களஞ்சியத்திற் பெட்டி அடுக்கும் வேலை. இவ்விரண்டுக்குமிடையில் அவர் உறங்குவது எப்போது என்று நான் கேட்டதில்லை. வழமையான சொக்கிலேற்றுப் பெட்டிகளுக்கும் பெரியம்மாவின் மூட்டுவலித் தைலத்துக்கும் அடியில் நீண்ட கடித உறை ஒன்று இருந்தது. காணி உறுதியாக்கும் என்று பெரியம்மா ஆவலோடு அதை எடுத்துப் பிரித்தார். உள்ளே இருந்தது அண்ணையின் தாடையின் எக்ஸ்றே படம்.

“அங்கை மூண்டு பல்லுக்குக் கேட்ட காசிலை ரிக்கெற்றும் போட்டு, இங்கை பல்லையும் கட்டி, தேரும் பாத்திட்டுப் போகலாம் தம்பி” என்றார் அண்ணை.

வீட்டிலிருந்த அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன், ஆனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தேன். முந்திய ஆண்டு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அடிபட்ட எனது மேல்வாய் முன்பல் மெல்ல மெல்லக் கறுத்து, இரவுகளிற் கொதிக்கத் தொடங்கியிருந்தது. வேரைத் துப்புரவாக்கி, மேலே உறை போடுவதற்குத் தனியார் சிகிச்சை நிலையமொன்றிற் சொன்ன தொகை ஐம்பத்தையாயிரம் ரூபாய். கடன் கழிவுகள் போகப் பட்டதாரி ஆசிரியனான நான் கையிற் பெறும் ஒரு மாதச் சம்பளத்தை அது முற்றாக விழுங்கிவிடும். ஆகவே ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று பதினொரு மாதங்களைக் கடத்தியிருந்தேன்.

தமிழ் கற்பிப்பவனுக்குப் பல் அழகுப்பொருள் மட்டுமன்று, தொழிற்கருவியுமாகும். எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு முதலியவற்றோடு பல்லையும் ஓர் உறுப்பாக எண்ணுகிறார். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி சென்று பொருந்துவதாற் பிறப்பன; வகரத்துக்கு மேற்பல்லும் இதழும் கூடவேண்டும். ‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்பதைக் கிழவிகளின் பகிடியென்றே பல்கலைக்கழகத்தில் எண்ணியிருந்தேன். முன்பல் ஆடத் தொடங்கிய பின்னரே அது ஒலியியல் என்று விளங்கிற்று. இரவுகளில் நான் அஞ்சியது நோவுக்கன்று. வகரம் வராத வாயோடு பதினொராம் வகுப்பின் முன் எப்படி நிற்பது என்பதற்கே.

அண்ணையின் கதைக்கு வருவோம். அவர் பகிடியாகச் சொன்ன கணக்கு உண்மையில் வயிறெரிந்து போட்ட கணக்கு. மக்கள் வைத்தியத்துக்கு உலகெங்கும் முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்ட நாடு இங்கிலாந்து. அங்கு வாழும் ஒரு தொழிலாளி பல்லுக்காக ஐயாயிரம் மைல்களுக்கு மேற் பறந்து வர நேர்ந்தமை எங்ஙனம்?

1948 ஜூலை 5ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, பல்வைத்தியமும் அதில் இலவசமாகவே இருந்தது. அதற்கு முன்னர் அந்நாட்டுத் தொழிலாளரின் வாய் இருந்த நிலையை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். பிற்காலச் செலவுக்கு அஞ்சி, மணமாகப்போகும் பெண்ணின் பற்களனைத்தையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டிக்கொடுக்கும் வழக்கம் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றில் இருந்தது. சேவை தொடங்கியதும் பல்வைத்தியர்களின் வாசலிற் சனம் திரண்டது. திரண்ட சனத்தைக் கண்டு ஆட்சியாளர் மனம் நெகிழ்ந்திருக்க வேண்டும். அவர்களோ செலவைக் கண்டு அஞ்சினர். கொரிய யுத்தத்துக்காக ஆயுதச் செலவு ஏறிய 1951ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கப்பட்டது. அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். அடுத்த ஆண்டே பற்சிகிச்சைக்கும் ஒரு பவுண் கட்டணம் வந்தது. இலவச வைத்தியமென்னும் வீட்டில் முதலிற் பெயர்க்கப்பட்ட கல் பல்தான் என்பதை நம்மவர் பலர் அறியார்.

இருப்பினும் அச்சேவை செய்ததைக் குறைத்துக் கூறலாகாது. 1968இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வளர்ந்தோருள் நூற்றுக்கு 37 பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுமே இருக்கவில்லை. 2009இல் இங்கிலாந்தில் அத்தொகை நூற்றுக்கு 6. பல்லைப் பிடுங்கும் வைத்தியம் பல்லைக் காக்கும் வைத்தியமாக மாறியதன் பயன் இது. மாற்றிய கை பொதுமக்களின் கை.

பின்னர் அக்கை தளர்ந்தது. 2006இல் வந்த ஒப்பந்தத்தின்படி, ஒருவருக்கு ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று பற்களை அடைத்தாலும் வைத்தியருக்குக் கிடைக்கும் கொடுப்பனவு ஒன்றே. பழுதான வாயுள்ள ஏழையைப் பார்ப்பது வைத்தியருக்கு நட்டமாயிற்று. 2022இல் இதிற் சிறு திருத்தம் செய்தார்கள். அதற்குள் வைத்தியர் பலர் தனியாரின் பக்கம் நடந்துவிட்டனர். 2024 பெப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் ஒரு பல்வைத்திய நிலையம் பொதுச்சேவை நோயாளரைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசையில் நின்றதையும் பொலிசார் வந்து ஒழுங்கு செய்ய நேர்ந்ததையும் செய்திகளிற் கண்டோம். அண்ணையின் அனுபவமும் இதன் ஒரு துண்டே. “ரண்டு வருசம் வரேல்லை எண்டு பேரை வெட்டிப்போட்டாங்கள். வேறை இடத்திலை கேட்டால் புது ஆக்களை எடுக்கேல்லையாம். பிறைவேற்றிலை ஒரு பல்லுக்கே ஆயிரம் பவுணுக்கு மேலை.” பொதுச்சேவையில் இடம் கிடைத்திருந்தால், 2024 ஏப்ரலில் விதிக்கப்பட்ட கட்டணத்தின்படி உறை போடும் சிகிச்சை முழுவதும் ஏறத்தாழ 319 பவுணோடு முடிந்திருக்கும். ஆனால் கிடைத்தாலல்லவா!

நம்மவர் குடியேறிய பிற நாடுகளிலும் இதுவே கதை. கனடாவின் புகழ்பெற்ற பொது வைத்தியக் காப்புறுதி பல்லை வெளியே விட்டே வளர்ந்தது; 2024 மே மாதத்திலேதான் குறைந்த வருமானமுடையோர்க்கான புதிய பற்சிகிச்சைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவிலும் சுவிற்சர்லாந்திலும் வளர்ந்தவரின் சாதாரணப் பல்வருத்தத்தை அடிப்படைக் காப்புறுதி ஏற்பதில்லை. கையொடிந்தால் அரசின் கை. பல் உடைந்தால் உன் பை! 1840இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் உலகின் முதலாவது பல்வைத்தியக் கல்லூரி, வைத்தியக் கல்லூரிகளுக்குப் புறம்பாக, தனியே தொடங்கிற்று. வாயையும் உடலையும் பிரித்த அந்தச் சுவர் இன்னும் இடியவில்லை. ஆகவே ஒஸ்திரியர் எல்லை கடந்து ஹங்கேரியின் சொப்றொன் நகருக்குச் செல்கின்றனர். அமெரிக்க முதியோர் மெக்சிக்கோ எல்லையிலுள்ள லொஸ் அல்கொடொனெஸ் என்னும் சிற்றூருக்கு நடந்தே போகின்றனர். அவ்வூரில் தெருவெல்லாம் பல்வைத்தியரே. எங்கள் அண்ணை நல்லூருக்கு வருகிறார்.

அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நானே. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, சுவரில் வெள்ளை வெளேரென்று சிரிக்கும் பெண்ணின் படம். வரவேற்பில் இருந்த பிள்ளை கேட்ட முதற்கேள்வி, “எத்தினை நாள் நிக்கிறியள்?” என்பது. நோவு எங்கே என்பது இரண்டாவது கேள்வி. விமானம் புறப்படும் நாளைக்கொண்டே அங்கு நாள் குறிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர் எங்கும் போகமாட்டார்கள் அல்லவா? ஆகவே அவர்களின் நாள் பின்னுக்குப் போயிற்று. வாங்கில் இருந்த ஆறு பேரில் நால்வர் பவுண், யூரோ, கனடா டொலர் என்றே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தனர். 2022இன் தொடக்கத்தில் ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 270 ரூபாய். அண்ணை வந்தபோது ஏறத்தாழ 390. நாட்டின் வீழ்ச்சி அவர்களுக்குக் கழிவு விலையாயிற்று. இதை நான் குரோதத்தோடு கூறவில்லை. இரவிற் பெட்டி அடுக்கிய பணம் அது.

வைத்தியர் இளைஞர், கைப்பழக்கமும் பொறுமையும் உள்ளவர். அண்ணையின் ஒரு பல்லுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தார். ஒவ்வொரு வேரையும் அளந்து, கழுவி, படம் பிடித்துப் பார்த்தார். வெளியே வந்த அண்ணை என் வாயைச் சுட்டிக்காட்டி, “உதையும் பாத்து விடுங்கோ டொக்டர், கணக்கை என்ரை பேரிலை போடுங்கோ” என்றார். மறுக்க வேண்டுமென்று எண்ணினேன், நாக்கு முன்பல்லைத் தொட்டது, மறுக்கவில்லை. சமூகத்தைப் பற்றி எழுதுபவர்கள் தம்மைப் பற்றிய இத்தகைய செய்திகளை மறைப்பது வழக்கம். நான் மறைக்க விரும்பவில்லை.

நான்கு நாள் கழிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை. என் வகுப்பு மாணவி ஒருத்தி கன்னம் வீங்கி, கண் பாதி மூடியபடி வந்து, மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள். தவணைப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பல்லுக்கொதி தொடங்கி மூன்று மாதமாம். கராம்பும் உப்புத் தண்ணீரும் கடையில் வாங்கிய நோக்குளிசையுமாகக் காலம் போயிருக்கிறது. தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலி. மறுநாள் ஒரு நாள் விடுப்பெடுத்து, தாயோடும் மகளோடும் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்கே வரிசை இருந்தது. எங்கள் துண்டில் 37 என்ற இலக்கம். சுவரில் வாய்ப்புற்றுநோய் பற்றிய படமொன்று ஒட்டியிருந்தது. இலங்கை ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் அதுவே. அதன் கீழே மூன்று கிழவர்கள் வெற்றிலை போட்ட வாயோடு இருந்தனர். அவர்களின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டியவரும், எங்கள் பிள்ளையின் பல்லைப் பார்க்க வேண்டியவரும் ஒருவரே. எட்டு மணிக்கு அவர் வந்தார். நான் திடுக்கிட்டேன். மாலையில் அண்ணையின் வேர்களை அளந்த அதே வைத்தியர். அவரும் என்னைக் கண்டு, என் முன்பல்லை ஒரு கணம் நோக்கி, “உறை எப்பிடி இருக்கு சேர்?” என்றார். நன்றாக இருக்கிறது என்றேன்.

அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப் புறம்பே தனியாகப் பார்ப்பது நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட வழக்கமே. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவருடைய காலைச் சம்பளம் அவருடைய படிப்புக்கு ஈடன்று என்பதையும் நான் அறிவேன். ஆயினும் ஒரே கை மாலையில் ஒரு பல்லைக் காக்க ஒரு மணித்தியாலம் எடுத்ததையும், காலையில் ஒரு வாய்க்கு ஐந்து நிமிடமே கொடுக்க முடிந்ததையும் ஒரே வாரத்திற் கண்ட எனக்கு, அது செய்தியாக இல்லை, நோவாகவே இருந்தது.

பிள்ளையின் பல், கீழ்வாயின் முதற் கடைவாய்ப்பல். ஆறு வயதளவில், பாற்பல் ஒன்றும் விழாமலே, பின்னால் ஓசையின்றி முளைப்பது அது. அதையும் பாற்பல்லென்றே தாய்மார் பலர் எண்ணி விட்டுவிடுவர். வாழ்நாள் முழுவதும் உணவை அரைக்கவேண்டிய பல் அவ்வாறே சிறு வயதிற் பழுதாகிறது. இதைத் தடுக்கவே பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் வந்தன. நியூசிலாந்து 1921இல் இளம்பெண்களைப் பயிற்றிப் பாடசாலைகளுக்கு அனுப்பிய முறை அது. நம் நாட்டிலும் மகரகமவில் அத்தகையோர் பயிற்றப்படுகின்றனர். ஏறத்தாழப் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளே அவர்களின் பொறுப்பு. இவள் 2008இல் வன்னியிற் பிறந்தவள். கைக்குழந்தையாய் யுத்தத்தின் இறுதி மாதங்களைக் கடந்து, முகாமிற் தவழ்ந்து, மூன்று ஊர்கள் மாறி வந்தவள். அவள் படித்த ஆரம்பப் பாடசாலையில் அத்தகைய நிலையம் இருக்கவில்லை. எங்கள் பாடசாலைக்கு வந்தபோது வயது கடந்துவிட்டது.

வைத்தியர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “சேர், பல்லு இன்னும் காப்பாத்தக் கூடிய பல்லுத்தான். ஆனால் வேர்க்கால்வாய் மூண்டு நாலு இருக்கும். ரண்டு மூண்டு தரம் வரவேணும், ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வெளியிலை நிக்கிற சனத்தைப் பாருங்கோ. பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தரலாம். திகதி கிடைக்க மாதக்கணக்காகும். சாமானும் 2022க்குப் பிறகு ஒழுங்கா வாறேல்லை.”

அவர் சொன்னது உண்மை. வேர் துப்புரவாக்கும் ஊசி முதல் பல்லடைக்கும் பசை வரை அனைத்தும் டொலர் கொடுத்து வாங்கவேண்டியவை. டொலர் தீர்ந்த ஆண்டு முதலில் தீர்ந்துபோனவற்றுள் அவையும் இருந்தன.

தாயிடம் இதை விளக்கினேன். அவர் கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. ஒரு தரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாட்கூலி போகும். இருவருக்கும் பஸ் காசு வேறு. “கொதி நிண்டால் காணும் ஐயா. கழட்டச் சொல்லுங்கோ” என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து கொடுத்து வீக்கம் வற்றிய பின், வெள்ளிக்கிழமை, விறைப்பு ஊசி போட்டுப் பல்லைக் கழற்றினார்கள். கட்டணம் ஒரு சதமுமில்லை. இதையும் நான் மறைக்கலாகாது. அண்ணையின் இலண்டனிலே, பணமுமில்லாமல் பொதுச்சேவையில் இடமுமில்லாமல் தங்கள் பல்லைத் தாங்களே குறட்டினாற் பிடுங்கியவர்களின் கதைகள் பத்திரிகைகளில் வந்ததுண்டு. நம் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அந்தக் கதவுக்குள்ளே அவளுக்குக் கிடைத்தது குறடு மட்டும்.

அண்ணையிடம் கேட்டிருந்தால் இன்னொரு ஐம்பதினாயிரம் தந்திருப்பார். செவ்வாய் இரவு கேட்க வாயெடுத்தேன். எனக்காக அவர் செலவழித்து நான்கு நாளே ஆகியிருந்தது. அன்றுதான் பெரியம்மாவின் வீட்டுக் கூரைக்கும் பணம் கொடுத்திருந்தார். வெட்கம் வாயை அடைத்தது. கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஏனைய முப்பத்தாறு பேருக்கும் அண்ணை இல்லைத்தானே என்று பின்னர் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் சரியானது. அதனாலேயே அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் முறை மாலைச் சிகிச்சைக்குப் போனபோது, வைத்தியரின் மேசையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. பிரித்தானியாவிற் பல்வைத்தியராகப் பதிவதற்கு வெளிநாட்டினர் எழுதும் பரீட்சைக்குப் படிக்கிறாராம். அண்ணை பெருமகிழ்ச்சியோடு, “வாங்கோ டொக்டர், எங்கட பக்கம் ஒருத்தரும் இல்லை. நான் முதல் ஆளா வாறன்” என்றார். வைத்தியர் சிரித்தார். நான் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். 1945இல் வந்த இலவசக் கல்வியின் பேரன் அந்த இளைஞர். கிராமப் பாடசாலையில் தொடங்கி, நீண்டகாலம் நாட்டின் ஒரே பல்வைத்திய பீடமாயிருந்த பேராதனை வரையில், ஒரு சதம் கட்டணமின்றிப் படித்தவர். அப்படிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார்? தேயிலைக் கொழுந்து பறித்தவரும், சீனிக்கும் மாவுக்கும் வரி கட்டிய அந்த வெங்காயத் தோட்டத்துத் தாயுமே. யாழ்ப்பாணத்திற் பல்வைத்தியம் மலிவு என்று இலண்டனிற் பேசுகிறார்கள். மலிவன்று; விலையின் பெரும்பங்கை முன்னமே வேறொருவர் கொடுத்துவிட்டார். கொடுத்தவருடைய மகளுக்கு மட்டும் பல் கிடைக்கவில்லை. நாளை அவ்வைத்தியர் புறப்பட்டுவிட்டால், பெற்றோல் நிலையத்து அண்ணைக்கு அருகிலேயே ஒரு வைத்தியர் கிடைப்பார். இங்கே 37ஆம் துண்டுக்குக் குறட்டைப் பிடிக்கவும் ஆளிராது. அவரைப் போகவேண்டாமென்று சொல்லும் உரிமை எனக்கில்லை. காலையில் அவருக்கு இரண்டு கதிரையும், ஒரு துணை வைத்தியரும், வேர் துப்புரவாக்கும் ஊசியும், வாழத்தக்க சம்பளமும் கொடுத்திருந்தால் அந்தப் புத்தகம் மேசையில் இருந்திருக்குமா என்று கேட்கும் உரிமை உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சையைப் பதின்மூன்று வயதோடு நிறுத்தாமல் பதினாறு வரை நீட்டும்படி கேட்க, எங்கள் ஆசிரியர் சங்கங்களுக்கும் உரிமை உண்டு. சம்பள நிலுவைக்காகக் கொடி பிடித்த நாம் அதை ஒரு நாளேனும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மூன்று கிழமை விடுமுறை மூன்று பற்களுக்குப் போதவில்லை. மூன்றாவது பல்லில் தற்காலிக உறையோடு அண்ணை விமானம் ஏறினார். ஐப்பசியில் ஒரு நாள் தொலைபேசியில், இரவு வேலையில் அப்பிள் கடித்தபோது அது கழன்று விழுந்துவிட்டதாகவும், பாமசியில் வாங்கிய பசையால் தானே ஒட்டிக்கொண்டதாகவும் சொன்னார். பழுதான வேலையைத் திருத்த இலண்டனில் யாரும் முன்வரவில்லையாம். முதலிலிருந்து செய்வதென்றால் செய்வார்களாம், பழைய விலையில். “அடுத்த தேருக்கு வந்து பாப்பம்” என்றார். எது அவருக்கு உள்நாடு, எது வெளிநாடு என்று அன்றிரவு எனக்கு விளங்கவில்லை.

மாணவி அடுத்த திங்களே வகுப்புக்கு வந்தாள். வீக்கம் வற்றியிருந்தது. உரைநடைப் பகுதியை உரத்து வாசிக்கச் சொன்னேன். பிழையின்றி வாசித்தாள்; இடக்கையை மட்டும் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்து உட்காராமல் நின்றாள்.

“சேர், உங்கட முன்பல்லுக் கறுத்துக் கிடந்தது. நீங்களும் கழட்டினனீங்களோ?”

“இல்லை” என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தபடி இன்னும் சற்று நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.